வாசனை இல்லாத மருந்து

கார்த்திகை மாதத்தில் குடையில்லாமல் வெளியே கிளம்புகிறவர்களை நான் நம்புவதில்லை. திருவண்ணாமலையில் மலை உச்சி மேகத்தில் மறைந்தால் அரை மணியில் மழை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தொப்பலாக நனைந்து வந்து பஸ்காரனைத் திட்டுவார்கள். நான் அப்படி இல்லை. எதையும் யோசித்துத்தான் செய்வேன். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் காரியத்தையும் அப்படித்தான் செய்தேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டால் உங்களுக்கும் நேரம் மிச்சம்.

என் பெயர் ராஜமாணிக்கம். இங்கே கல்லூரியில் பதினோரு வருடமாக விலங்கியல் ஆசிரியர். எழுபத்தொன்பதில் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆசிரியர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்து, சுற்றுப்புற மக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு செய்ய வேண்டும். முடிவை அந்த மக்களையே கூட்டிவைத்துப் புரியும்படி சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சின்ன நிதி. தொகை பெரிதல்ல. ஆனால் அது கிடைத்தவனுக்குத்தான் துறைத்தலைவர் நாற்காலி என்று பியூனுக்குக்கூடத் தெரியும்.

முதல் வருடமே விண்ணப்பித்தேன். புங்கந்தாங்கல் என்ற ஊரில் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சுத்தம் செய்து தருவதாக எழுதினேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி இறங்கி ஒரு மைல் நடந்தால் அந்த ஊர். விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் யாரோ பச்சை மையில் எழுதியிருந்தார்கள்: 'நல்ல தொண்டு. ஆய்வு எங்கே? ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையே.'

அந்த வருட நிதி தமிழ்த்துறைக் கோதண்டராமனுக்குப் போனது. கும்மிப் பாட்டுகளை டேப்பில் பிடித்தான். துணைவேந்தர் பக்கத்தில் மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், "என்னய்யா ராஜமாணிக்கம், கெணத்துல மருந்து போட பஞ்சாயத்துல ஆள் இருக்கானே, நீ எதுக்கு?" என்றான். சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை.

அடுத்த வருடம் ஒப்பீட்டோடு எழுதினேன். புங்கந்தாங்கலில் இரண்டு குடிநீர்க் கிணறுகள். ஊர்த் தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று. ஒன்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது, மற்றதை அப்படியே விடுவது. நான்கு மாதம், புதன்கிழமைதோறும் இரண்டிலும் கிருமிகளை எண்ணுவது. எந்த வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்று குறிப்பது. தை மாதம் இரண்டு தெரு மக்களையும் கூட்டிப் படம் போட்டு விளக்குவது. பத்தே நாளில் ஒப்புதல் வந்தது. பச்சை மைக்காரர் 'மிகச் சிறப்பு' என்று எழுதியிருந்தார். இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் அவர்களும் என்னைத் தெரியாதது போல் பேசுகிறார்கள்.

ஊர்க் கிணற்றில் மருந்து போட ஆரம்பித்தேன். அந்தத் தெருவில் என் மனைவியின் அக்கா வீடு இருந்தது. புதன்கிழமை மதியச் சாப்பாடு அங்கேதான். இரண்டாவது வாரமே காலனியிலிருந்து அப்பாசாமி வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன், அங்கே கொஞ்சம் விவரம் தெரிந்த ஆள்.

"சார், அவங்க கெணத்துல மருந்து போடறீங்களாமே. எங்களுதுக்கு இல்லீங்களா?"

ஒப்பீடு என்றால் என்ன என்று அவனுக்கு எப்படி விளக்குவது? விட்டால் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்து, யாரையாவது கூட்டிவந்து அந்தக் கிணற்றையும் சுத்தம் செய்துவிடுவான். என் ஆய்வு குட்டிச்சுவராகும். அதனால் கல்லூரிச் சாக்பீஸ்களைப் பொடித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, அவனே அதைப் பயபக்தியோடு கிணற்றில் தூவினான்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தான். "அங்க வாசன மூக்கத் துளைக்குது சார். எங்க கெணத்துல ஒண்ணுமே வரலீங்களே?"

"உங்களுக்குக் குடுத்தது ஒசத்தி மருந்துப்பா. வாசன வராது."

"ஒசத்தியா? எங்களுக்கா சார்?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று காலனி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். மனிதர்களைச் சந்தோஷப்படுத்துவது சுலபம். கோதண்டராமனால் கும்மிப் பாட்டில் செய்ய முடியாததை நான் ஒரு வாக்கியத்தில் செய்தேன்.

இன்னொரு தொல்லை இருந்தது. அப்பாசாமியின் மனைவி கன்னியம்மாளுக்கு முன்பு ஒரு குழந்தை வாந்திபேதியில் போயிருந்தது. அதிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுப்பாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளிலும் காய்ச்சினார்கள். அவர்கள் காய்ச்சிக் குடித்தால் நோய்க் குறிப்புக்கு என்ன மதிப்பு? "இனிமே காய்ச்சாதீங்க, காய்ச்சினா மருந்து செத்துடும்" என்று சொன்னேன். விறகு மிச்சம் என்று கும்பிட்டார்கள்.

கன்னியம்மாள் ஒவ்வொரு புதன்கிழமையும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். நான் வாங்க மாட்டேன். "எங்க கையால குடிக்கமாட்டீங்க போல" என்று ஒரு நாள் முணுமுணுத்தாள். எனக்குச் சுரீர் என்றது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். வீட்டில் காய்ச்சிய தண்ணீர் என் பையில் எப்போதும் இருந்தது.

தீபம் முடிந்தது. லட்சம் ஜனம் வந்து போன ஊரில் வழக்கம் போல வாந்திபேதி பரவியது. காலனியில் முதலில் இரண்டு பேர் படுத்தார்கள், பிறகு வீட்டுக்கு வீடு. ஒரு காலையில் அப்பாசாமி என் வாசலில் வந்து நின்றான். மேலெல்லாம் மழை.

"எம் பொண்ணு பொன்னி போயிட்டா சார். ஏழு வயசு சார். மருந்து பத்தலீங்களா? இன்னும் ஜாஸ்தி போடணுங்களா?"

பிளீச்சிங் பவுடர் மூட்டை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு. ஆனால் இன்னும் மூன்று புதன்கிழமை பாக்கி. பாதியில் நிறுத்திய ஆய்வு ஆய்வே அல்ல. பச்சை மையில் மறுபடியும் ஒருவர் எழுதுவார், கோதண்டராமன் மறுபடியும் சிரிப்பான். உள்ளே போய் இரண்டாவது டப்பாவை எடுத்து வந்து கொடுத்தேன். "ரெண்டு மடங்கு போடு" என்றேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஓடினான்.

மூன்று புதன்கிழமைகளும் போனேன். காலனியில் பொன்னியோடு சேர்த்து ஒன்பது சாவு. ஊர்த் தெருவில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. இவ்வளவு சுத்தமான வித்தியாசம் எந்த ஆய்விலும் கிடைத்து நான் படித்ததில்லை. இனி இந்தப் பக்கத்தில் எந்தப் பஞ்சாயத்தும் கிணற்றுக்கு மருந்து போடாமல் தட்டிக்கழிக்க முடியாது. எத்தனை உயிர் பிழைக்கும் என்று யாராவது யோசித்தார்களா? இல்லை.

கிணற்றில் ஏதோ போட்டவன் என்று காலனிக்காரர்களே அப்பாசாமியை அடித்துக் கையை முறித்தார்கள். எனக்கு வருத்தம்தான். வாயைத் திறந்தால் தை மாதக் கூட்டம் நடக்காது என்பதால் பேசாமல் இருந்தேன். அவன்தான், கொடுத்தது ஒசத்தி மருந்து என்று நிரூபிக்க, முறிந்த கையோடு டப்பாவைத் தூக்கிக்கொண்டு காலரா ஊசி போடும் இடத்துக்குப் போயிருக்கிறான். ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்து, "இது சாக்பீஸ்டா" என்று சொல்லிவிட்டார். அவருக்கு என்ன அவசரமோ.

காலனிக் கிணற்றை மட்டும் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்கள் என்ன எழுதிக்கொள்ளப் பார்க்கிறீர்கள் என்று புரிகிறது. நான் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஒரு பக்கமும் சாயக்கூடாது என்று பெரிய கோயிலுக்குப் போனேன். ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் எங்கள் வீட்டில் சாமி முன்னால் சீட்டுப் போட்டுப் பார்ப்பது வழக்கம். எந்தக் கிணற்றை மருந்தில்லாமல் விடுவது என்பதற்கு இரண்டு சீட்டு எழுதி, மடித்து, சன்னதியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். ஊர்க் கிணறு வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடியும் போட்டேன். மறுபடியும் ஊர்க் கிணறுதான் வந்தது. மூன்றாவது தடவைதான் நன்றாகக் குலுக்கினேன்.