படிக்கட்டுக்கு நான்கு விளக்குகள்

அன்றைக்கு இலையில் மோர்க்குழம்பா, புளிக்குழம்பா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அது மூன்றாம் பந்தியா நான்காவதா என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்றதை நான் சரியாகவே சொல்கிறேன் என்று நினைக்கிறேன், சார்.

தொண்டாமுத்தூர் ரோட்டில் எங்கள் சமுதாயக் கூடத்தைக் கட்டியபோது, மில்லில் முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் என்று விளக்கு வேலையை என்னிடம் விட்டார்கள். மேலே கல்யாண ஹால். பூமிக்கடியில் சாப்பாட்டு ஹால். இடையில் ஜன்னல் இல்லாத ஒரே படிக்கட்டு. ஒரு பந்தி எழுந்து இலை எடுக்கும்வரை கீழ்க்கதவை உள்ளே தாழ்போட்டுவிடுவார்கள். அடுத்த பந்திக்காரர்கள் படி நிறைய நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஒயரிங் வரைபடத்தில் படிக்கட்டுக்கு நான்கு எமர்ஜென்ஸி லைட் குறித்தேன்.

தலைவர் மருதாசலம் படத்தைப் பார்த்தார். “ஏனுங்க அரங்கசாமி, படிக்கட்டுலயா தாலி கட்டறாங்க? நாலையும் மேடைக்கு மாத்திப்போடுங்க.”

“படியில கூட்டம் நிக்குமுங்க. இருட்டுல ஒருத்தர் சரிஞ்சா போதுமுங்க.”

“ஒரு நிமிசந்தானுங்க? கண்ணை மூடிட்டு நின்னா ஆகாதுங்களா?”

கமிட்டி முழுக்கச் சிரித்தது. இரண்டு வருஷம், மாதக் கூட்டந்தோறும் அதே படத்தை விரித்தேன். பிறகு நான் எழுந்தாலே, “லைட்டு எந்திரிச்சிருச்சுங்க” என்பார்கள். படத்தைச் சுருட்டிக்கொண்டு உட்காருவேன். வீட்டில் நாள்கணக்கில் யாரிடமும் பேசமாட்டேன்.

கோபத்தில் செய்யவில்லை. சொல்லிப் புரியாததைக் காட்டிவிடலாம் என்றுதான். யார் வீட்டுக் கல்யாணம் என்பது எனக்கு முக்கியமில்லை. ஆனால் மருதாசலம் மகள் சண்முகப்ரியாவுக்கு நாள் குறித்த பிறகு, நடுவில் வந்த ஏழு கல்யாணங்களை விட்டுவிட்டேன். கூட்டம் அதற்குத்தான் சரியாக இருக்கும் என்று பட்டது.

தொண்ணூற்றாறு ஆவணி. ஜெனரேட்டரும் என் பொறுப்பு. காலையிலேயே அதன் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்தேன். ஒரு நிமிஷம் போதாமல் போகலாம் என்ற யோசனை. பதினோரு மணிக்குப் படிக்கட்டைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு நாச்சியம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“வாங்க, ஒரு ஆளுக்கு எடம் இருக்குதுங்க” என்று நகர்ந்துகொடுத்தார்.

“நீங்க சாப்பிடுங்க. நான் அப்பறமா வாரேன்” என்றேன்.

வெளியே நல்ல வெயில். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். படியில் கூச்சல் எழுந்ததும், கதவுக்குக் காவல் நின்ற மயில்சாமி உள்ளேயிருந்து தாழை நீக்கியிருக்கிறான். கதவில் சாய்ந்திருந்தவர்கள் உள்ளே விழ, பின்னால் நின்றவர்கள் அவர்கள்மீது விழுந்தார்கள். ஒரு நிமிஷம் ஆனபோது அலறல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கை சுவிட்சில்தான் இருந்தது. மருதாசலத்துக்கு நன்றாகப் புரியட்டும் என்று நின்றேன். நான்காவது நிமிஷம் முடிந்ததும் போட்டேன்.

கமிட்டி எழுதிக்கொடுத்த அறிக்கையை நேற்றுதான் படித்தேன். மின்தடை என்கிறார்கள், மயில்சாமியின் அவசரம் என்கிறார்கள். விளக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மயில்சாமி ஊரார் பேச்சுக்குப் பயந்து பவானிக்குப் போய்விட்டான். சண்முகப்ரியா உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள். அப்பா வீட்டுக்கு வருவதில்லை. மருதாசலம் கமிட்டியை விட்டு விலகினார். கூடம் பூட்டிக் கிடக்கிறது. நாச்சியம்மாளும் பேத்தியும், இன்னும் மூன்று பேரும் படிக்கட்டில் விளக்கு இல்லாததால் இறந்தார்கள்.