நாற்பதாவது தொண்டை

– டமார்னு என்னது அங்க? எல்லம்மா!

– ஒண்ணுமில்ல டாக்டர் சார்! பீரோ மேல இருந்த பொட்டி வுழுந்துட்ச்சு!

– பெட்டி விழுந்த சத்தத்தைவிட உன் சத்தம்தான் பெரிசு. தாம்பரம் ஸ்டேஷன்ல கேட்டிருக்கும்.

– ஆயா வேலைக்கு வாய் வோணும் சார்.

– போன மாசம் உன் பொண்ணு கல்யாணத்துல மேளத்தையே மிஞ்சிட்டியே... ஐயையோ, கார்டெல்லாம் கலைஞ்சு போச்சா? நாளைக்கு டெல்லியிலேர்ந்து கமிட்டி வருது!

– தோ, பொறுக்கிக்கினுதானே கீறேன்! இன்னா சார் கார்டு இது?

– எண்பத்தெட்டுல தொண்டையில கேன்சர்னு இங்க வந்தவங்க. மொத்தம் நாப்பது பேர். பாதிப் பேருக்குப் பழைய முறையில கரன்ட், அதான் கதிர்வீச்சு, வெச்சோம், பாதிப் பேருக்குப் புது முறையில. எதுல குரல் தங்குதுன்னு அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்கணும்.

– பார்த்து?

– நாப்பது பேர் கதையும் சரியா இருந்தா, இந்த ஆஸ்பத்திரியிலயே ஆராய்ச்சிப் பிரிவு வெச்சுக்கலாம்னு அனுமதி தருவாங்க.

– இல்லாங்காட்டி?

– இந்த ரூம்ல மறுபடியும் ஒடஞ்ச கட்டிலை அடுக்க வேண்டியதுதான்.

– அய்ய... எத்தினி பேரைப் பார்த்தே?

– முப்பத்தொன்பது. மறைமலை நகர் வரைக்கும் ஸ்கூட்டர்ல போனேன். ஏழு பேர்... போய்ட்டாங்க. அவங்க வீட்டுக்கும் போய் விசாரிச்சு எழுதிட்டேன்.

– மிச்சம் ஒண்ணு?

– கங்கையம்மாள், பீர்க்கன்கரணை. முன்னாடியே ஆறு தபால் கார்டு போட்டேன். அப்படி யாரும் இல்லைன்னு ஆறும் திரும்பி வந்துடுச்சு.

– செத்துப்பூட்டான்னு எழுதிட்டு வூட்டுக்குப் போவியா...

– பொய் எழுதினா அது ஆராய்ச்சியா? அவளுக்குப் புது முறையில வெச்சோம். அவ குரல் நல்லா இருந்தா, அடுத்து வர்றவங்களுக்கும் தைரியமா வைக்கலாம்.

– பேரை மாத்திக் குட்திருப்பா சார்.

– ஏன்?

– வூட்ல வயசுப் பொண்ணு கீதுன்னு வெச்சுக்க. ஆத்தாளுக்குக் கேன்சருன்னா எவன் சார் பொண்ணு எடுப்பான்? நீ வேற!

– அதுவும் நியாயந்தான்.

– சார்... கமிட்டிக்காரங்க கிட்ட பேரைச் சொல்வியா?

– நம்பர் மட்டும்தான். பேர் இந்த பீரோவை விட்டு வெளிய போகாது.

– வந்து நிக்கச் சொல்வாங்களா?

– மாட்டாங்க. நான் பார்த்து எழுதினா போதும்.

– சம்பந்தி வூட்டுக்குக் கடுதாசி கிடுதாசி...

– யாருக்கும் போகாது எல்லம்மா.

– ...அப்ப அந்தக் குட்டிக் கண்ணாடியை எடு. நாக்கைத் துணியால இஸ்துப் புட்சிக்கினு 'ஈ' சொல்லுன்னுவியே... சொல்றேன்.

– உட்காரு. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு.

– இன்னா சார், நான்தான் அந்தக் கங்கையம்மான்னு சொல்லிக்கினு கீறேன், நீ பாட்டுக்குக் கண்ணாடியைத் தொடச்சிக்கினு கீறே?

– நீ வேலை கேட்டு வந்து வாயைத் திறந்த அன்னிக்கே தெரியும். தையில பொண்ணுக்குக் கல்யாணம்னு சொன்னே பாரு, அதுக்கப்புறம்தான் கமிட்டியை மாசிக்கு வரச் சொல்லி எழுதினேன்... ம், இப்ப 'ஈ' சொல்லு.