பச்சைப் பியோனியின் மூன்று மொட்டுகள்

பியோனிச் செடிக்குத் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் விட வேண்டும் ஐயா. தேங்கினால் வேர் அழுகிவிடும். சீனா முழுக்கப் பூவுக்குப் பெயர்போன எங்கள் ஹெசே ஊரில் எல்லார் வீட்டு முற்றத்திலும் பியோனி உண்டு. ஆனால் பச்சைப் பூ எங்களிடம் மட்டும்தான். என் மனைவி பெய்யிங் கல்யாணமாகி வந்தபோது, அவள் அப்பா தோட்டத்து வேரைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

பழைய வீட்டை இடித்ததால் செடியைப் பெயர்த்து இங்கே வைத்தோம். இடம் மாற்றினால் பியோனி கோபித்துக்கொள்ளும். நான்கு வருடம் பூக்கவில்லை. அந்த வருடங்களில்தான் பெய்யிங்குக்கு மறதி முற்றியது. ஜீனான் நகரத்திலிருந்து மகள் போன் செய்வாள்.

"அப்பா, அம்மாவ ஹோம்ல சேத்துடலாம். உங்களால முடியாது."

"எம் பொண்டாட்டிய நான் பாத்துக்குறேன். நீ உன் வேலையப் பாரு."

பார்த்துக்கொண்டேன். ஊட்டினேன், குளிப்பாட்டினேன். தெருவில் தொலைந்துவிடக் கூடாதென்று வாசல் கதவின் தாழ்ப்பாளை அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.

இந்த வசந்தத்தில் பச்சைச் செடி பதினோரு மொட்டு விட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் வந்து பார்த்தால், எட்டு மொட்டு அவள் மடியில் இருந்தது. உரித்துக்கொண்டிருந்தாள்.

"பட்டாணி உரிக்கிறேன்பா. நீங்க சாப்பிடலையே" என்றாள். என்னை அவள் அப்பா என்று நினைத்துவிட்டாள்.

நான் அடிக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் அவளை ஒருமுறைகூட அடித்ததில்லை. கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே விட்டுத் தாழிட்டேன். அப்போது வீட்டுச் செருப்புதான் போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. வசந்தத்தில் இப்படி எப்போதாவது வரும். ஒரே நாளில் மொட்டெல்லாம் கருகிவிடும். வீட்டிலிருந்த பாய், போர்வை எல்லாவற்றையும் எடுத்துவந்து செடிகளை மூடினேன்.

அவள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தெறங்கப்பா. குளிருது. இனிமே தொட மாட்டேன்பா."

இருட்டுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. கதவைத் திறந்தபோது அதில் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக் கோட்டும் வெளியே போகிற காலணியும் மாட்டிவிட்டேன். அவள் விரல்கள் மடங்கவில்லை, அதனால் நேரமாயிற்று. பிறகு கால்வாய்க் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினேன். தானாக வெளியே போய்விட்டாள் என்று மகளிடம் சொன்னேன். "நான் அன்னிக்கே சொன்னேனேப்பா" என்று அழுதாள். இறுதிச் சடங்கன்று மீதி மூன்று மொட்டும் பழுதில்லாமல் விரிந்தன. வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அவள் செடி ஐயா. அவளுக்காகத்தான் காப்பாற்றினேன்.

சத்தம் நின்றதும் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்ததாக நேற்று வாக்குமூலத்தில் எழுதிக்கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். அடுத்த வீடு ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்தது. சத்தம் நின்றபோது நான் கதவுக்கு உள்பக்கம்தான் நின்றிருந்தேன், கையில் அவளுடைய போர்வையோடு. அதைக் கடைசிச் செடிக்குப் போர்த்தினேன்.