தாயில்பட்டியில போட்டுக் காட்டுன கேசட்டு

...சர்ப்பிரைசாம்ல, சர்ப்பிரைசு. அந்த வார்த்தையே எனக்கு ஆகாது தம்பி. உக்காருங்க, அந்த ஸ்டூல்லதான். பாஸ்போர்ட் சைசுதான? தாடையக் கொஞ்சம் எறக்குங்க. ஆங்... இந்தா, இந்தச் சட்டைக் கையப் பாருங்க. கிழிஞ்சிருக்கா? தாயில்பட்டியில கிழிச்சது.

செழியன்னு ஒரு பய, லேபிள் அடிக்கிற பிரஸ்ல மிசின் ஓட்டுதான். பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போற ஓவியாங்கிற பிள்ளையக் கட்டிக்கிடணும்னு அவனுக்கு ஆசை. நேர்ல போயிக் கேக்க வேண்டியதுதான? மாட்டானாம். வீடியோவுல கேட்டு, அது பொறந்த நாளைக்கு சி.டி. போட்டு சர்ப்பிரைசாக் குடுப்பானாம். நானும் கல்யாணம், சடங்கு, காதுகுத்துன்னு எம்புட்டோ எடுத்திருக்கேன். இது நம்ம பக்கம் இல்லாத பழக்கம்.

நீங்க உக்காந்திருக்கிற எடத்துலதான் உக்கார வச்சேன். பின்னால இந்த அருவிப் படம். 'ஓவியா...'ம்பான், எச்சில முழுங்குவான். வேர்வையத் தொடைப்பான். மறுபடியும் 'ஓவியா...'. பாதிக் கேசட்டு அவன் முழுங்குனதுதான். 'ஏலே, வாயத் தொறந்து சொல்லுலே'ன்னு கேமராவுக்குப் பின்னால இருந்து நான் கத்துனேன். ஒருவழியாச் சொல்லிட்டான்.

அதோட விட்டானா? அந்தப் பிள்ளை கம்பெனி வேன்ல இருந்து எறங்கி நடந்து வர்றத, அதுக்குத் தெரியாம எடுத்துச் சேக்கணுமாம். அங்கனதான் மொதமொத பாத்தானாம். சரி கழுதை, போய்த் தொலைவோம்னு போயி, வேலிக்கருவை மறைவுல உக்காந்தேன். முள்ளு வேற குத்துது. வேன் வந்துச்சு, பொம்பளையாளுக எறங்குனாக. ஒருத்தி என்னையப் பாத்துட்டா. அம்புட்டுத்தான்.

அங்கன ஒளிஞ்சு படம் பிடிக்கிறவன சும்மா விடுவாகளா? போன வருசம் எவனோ இப்பிடித்தான் எடுத்துட்டுப் போயி டி.வி.யில காட்டி, கம்பெனிய மூடிப்புட்டாக. ஊரே வேலையில்லாமக் கெடந்துச்சாம். கருப்பம்மாள்னு ஒரு அம்மா ஓடியாந்து என் சட்டையப் பிடிச்சாக பாருங்க. கிழிஞ்சதுகூடப் பரவால்ல. அவுக யாருங்கீக? ஓவியாவோட ஆத்தா.

'எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடவா வந்த? உள்ள என்ன எடுத்திருக்கன்னு போட்டுக் காட்டு'ன்னுட்டாக. என்ன செய்ய? டீக்கடை டி.வி.யில கேமரா வயரச் சொருகிப் போட்டேன். ஊரே நிக்கு. செழியன் அருவிக்கு முன்னால எச்சில் முழுங்குதான். நான் கத்துனதும் கேக்குது. சிரிச்சாக பாருங்க, டீக்கடையே குலுங்கிப் போச்சு. அப்புறம் அந்தப் பய சொன்னான்: 'ஓவியா, எனக்கு ஒன்னைய ரொம்பப் பிடிச்சிருக்கு. என்னையக் கட்டிக்கிடுதியா?'

எல்லாரும் அந்தப் பிள்ளையத் திரும்பிப் பாக்காக. கழுவியும் போகாத பட்டாசு மருந்துப் பொடி கையெல்லாம் பளபளங்க, தூக்குவாளியப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. ஆத்தாக்காரி மொறைக்காக. நான் நெனச்சேன், இந்தப் பய பொழப்பு இன்னைக்கோட முடிஞ்சுதுன்னு. அந்தப் பிள்ளை தலையக் குனிஞ்சுக்கிட்டு, மெதுவா, 'அண்ணே, அத இன்னொருக்கப் போடுங்க'ன்னுச்சு.

சட்டையக் கிழிச்ச அந்தம்மாவே எனக்கு டீ வாங்கிக் குடுத்தாக. தை மாசம் கல்யாணம்.

இப்ப அந்தப் பய எங்கூடச் சண்டைக்கு நிக்கான். அது சொன்னத ஏன் எடுக்கலங்கான். எப்பிடிலே எடுக்க? கேமராதான டி.வி.யில ஓடிக்கிட்டிருந்துச்சு? ஊரே பாத்தாச்சு, அவன் ஒருத்தன்தான் பாக்கல. தெனமும் சாயங்காலம் வந்து, 'எப்பிடிச் சொல்லுச்சு, செஞ்சு காட்டுங்கண்ணே'ங்கான். நானும் இம்புட்டு மீசைய வச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சு...

என்ன கேட்டீக? கல்யாண வீடியோ எடுக்கிறவன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாகளா? ம்... யாருன்னு கேக்கத்தான் செஞ்சாக. ஸ்டுடியோக்காரன்னு சொன்னா ஒரு மதிப்பா இருக்குமா தம்பி? அதான்... டி.வி.யில இருந்து வாரேன்னுட்டேன்.

அந்தா, அந்தப் பயதான் சைக்கிள நிறுத்துதான். எங்கன கெளம்புதீக தம்பி, நேரமாயிருச்சா? போட்டோ எடுக்கலையே. செத்த இருங்க, இதோ முடிஞ்சிரும்... தம்பி... சரி, போயிட்டாரு. வா செழியா. கதவச் சாத்து. என் தூக்குவாளிய எடுத்து எங்கையில குடு.