செவ்வாய்க்கிழமைப் பெட்டு

— ஏனுங்க தமிழ்வேந்தன் தம்பி, நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்த ரத்தம் சுத்தம் பண்ற மெஷினை எதுக்குங்க லாரில ஏத்தறாங்க?

— சர்வீசுக்குங்க பொன்னாத்தாக்கா. போயிட்டு வந்துரும்.

— போன வாரந்தானே உங்க கட்சிக்காரங்க ரிப்பன் வெட்டுனாங்க. தண்ணிப் பைப்புகூட மாட்டல, ஒருத்தரையும் படுக்க வெக்கல. அதுக்குள்ள என்னங்க சர்வீசு?

— மெல்லப் பேசுங்க. உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது. நாளைக்கு அவிநாசிப் பக்கம் ஒரு திறப்பு விழாங்க. அங்கயும் இதே மெஷின்தான் நிக்கோணும்.

— அப்ப எங்களுக்கு?

— தேர்தல் முடியட்டுங்க. அறிக்கையிலயே போட்டிருக்குது. தலைவர் சொன்னா சொன்னதுதான். போன ஆட்சில இந்தக் கட்டடமாச்சும் இருந்துச்சுங்களா?

— கட்டடமா தம்பி ரத்தத்தச் சுத்தம் பண்ணுது? அவங்க கட்டடமே இல்லாம ஓட்டுக் கேட்டாங்க, நீங்க கட்டடத்தக் காட்டிக் கேக்கறீங்க. எங்க ஊட்டுக்காரரு ரெண்டு வருசமா வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துட்டே மலையெறங்கறாரு.

— மாசாணம் மாமாவ எனக்குத் தெரியாதுங்களா? இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க.

— எங்கீங்க போறது? அங்க வாராவாரம் அவரு படுத்துட்டிருந்த செவ்வாக்கெழமப் பெட்டை வேண்டாம்னு விட்டுக்குடுத்துப்போட்டோமே.

— ஏனுங்கக்கா அப்படிப் பண்ணுனீங்க?

— நீங்கதானே மைக்குல சொன்னீங்க, இனி ஒரு எஸ்டேட்டுக்காரனும் வைத்தியத்துக்கு மலையெறங்க வேண்டியதில்லைன்னு. அதக் கேட்டு அழுதுபோட்டாரு தம்பி. கீழ எத்தனை பேரு காத்துக் கெடக்கறாங்க, நமக்குத்தான் இங்கயே வந்துருச்சே, யாராச்சும் பொழைக்கட்டும்னு அவரே நர்சம்மாளுக்குப் போன் பண்ணிச் சொன்னாரு.

— திருப்பிக் கேட்டுப் பாத்தீங்களா?

— காத்தால கேட்டேன். அன்னைக்கே வேற ஆளுக்குக் குடுத்தாச்சாம். அதுவும் நம்ம எஸ்டேட்டு ஆளாம். இவருக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு, நேத்திருந்து மூச்சு வாங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் குடுப்பாங்க. உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன்.

— எந்திரிங்கக்கா, எந்திரிங்க. அந்தப் பெட்டை மட்டும் என்னால கேக்க முடியாது.

— ஏன் முடியாது? இங்க மெஷின் வந்தப்புறமும் கீழ போயிப் படுத்த அந்தப் புத்திசாலி யாருங்க?

— எங்கம்மாளுங்க.