உள்பக்கம் பார்ப்பவள்

உங்கள் ஸ்வெட்டரின் கைவிளிம்பில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இழுத்துவிடாதீர்கள், வரிசை முழுவதும் கூடவே வந்துவிடும். கழற்றிக் கொடுத்தால் பேசிக்கொண்டே உள்ளே கோத்துவிடுவேன். வேண்டாமா? சரி. விசாரிக்க வந்த இடத்தில் ஒருத்தி கையில் ஊசியைக் கொடுக்கப் போலீஸ்காரர்கள் யோசிப்பது நியாயம்தான்.

மறைக்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. இத்தனை மாதமாக யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சலவைக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடுவோம். கீழே இஸ்திரி ஓட ஓட, நீராவி படியேறி வந்து ஜன்னல் கண்ணாடியில் படியும். அந்த வாரம் பின்னியதை ஒவ்வொருவரும் மேசையில் பரப்புவார்கள். நூல் மாற்றிக்கொள்வோம், புதுப் பின்னல் காட்டிக்கொடுப்போம், வீட்டுக்கதை பேசுவோம். எங்களிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. முடித்த எதுவும் உள்பக்கம் திருப்பிப் பார்க்கப்படாமல் அந்த அறையை விட்டுப் போகக் கூடாது. பார்ப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கியதில்லை. என் கண்ணாடியையும் பொறுமையையும் பார்த்து அவர்களே கொடுத்தது.

நிறம் மாற்றும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் நூலின் முனை தொங்கும். வால் என்போம். அதை முனை மழுங்கிய மொட்டை ஊசியில் கோத்து, உள்பக்கக் கண்ணிகளுக்குள் வளைத்து வளைத்துச் செருகி மறைக்க வேண்டும். குழந்தைகளுக்கான உருப்படி என்றால் இரட்டைக் கவனம். காலுறைக்குள் ஒரு வால் தளர்ந்து கிடந்தால், குழந்தை உதைக்க உதைக்க அது விரலைச் சுற்றும். பிறகு இறுகும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்வது நான்தான்.

எங்களிடம் ஒரு டிரைவர் உண்டு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியைத் தவிர வேறொன்றும் பின்னத் தெரியாது. அதிலும் ஒரே தொப்பியைப் பெரிது, சிறிது என்று பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருப்பார். "என் தொப்பிக்கு எதுக்குக்கா உள்பக்கம் பாக்குறீங்க? உள்ள இருக்கிறது மொட்டைத் தலை. அது குத்தம் சொல்லாது" என்பார். அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நானும்தான்.

என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை அங்கே அழைத்துப் போனவள் அவள். நாத்தனார் என்றால் நெருப்புத்துண்டு என்பார்கள். எனக்கு வாய்த்தவள் அப்படியில்லை. என் கணவர் போன பிறகும் அவள் மாறவில்லை. கடையில் நூல் நீளமான சுருளாக வரும். அதை ஒருவர் இரண்டு கைகளையும் நீட்டி மாட்டிக்கொள்ள, எதிரே உட்கார்ந்தவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். முழங்காலும் முழங்காலும் முட்டிக்கொள்ளும். நூல் இடப்பக்கம் போகும்போது அவள் இடப்பக்கம் சாய்வாள், வலப்பக்கம் போகும்போது வலப்பக்கம். தாலாட்டுவது போல இருக்கும். அவளுடைய கைகளைத் தவிர வேறு யார் கையிலிருந்தும் நான் நூல் சுற்றியதில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். மருந்துக்கடையில் வேலை. முதல் நாளே ஏழெட்டு நிறம் கலந்த ஒரு கழுத்துத்துணியைப் போட்டுக்கொண்டு வந்தாள், டிரைவர் "வானவில்" என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைப்பாள். நான் கனவிலும் வைக்க மாட்டேன். வைத்தால் அழகாக இருந்தது. எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கம் போனார்கள். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்புக்குத்தான் மவுசு. அது உலக வழக்கம், அதற்கெல்லாம் நான் வருந்துகிறவள் இல்லை.

அத்தனை நிறம் மாற்றினால் அத்தனை வால்கள் இருக்கும். உள்பக்கம் குப்பையாக இருக்கும் என்று நினைத்துத் திருப்பினேன். சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வாரமும் திருப்பினேன், ஒவ்வொரு வாரமும் சுத்தம். ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால், உண்மையைச் சொல்கிறேன், நான் அவளை மன்னித்திருப்பேன்.

ஒரு சனிக்கிழமை பல்வலி என்று தாமதமாகப் போனேன். கதவைத் திறந்தால் என் நாத்தனார் இரண்டு கைகளையும் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். கைகளில் பச்சை நூல். எதிரே வானவில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இருவரும் எதற்கோ சிரித்துச் சிரித்து நூலைச் சிக்கலாக்கிவிட்டார்கள். "வாங்க அண்ணி, இவ சுத்துற லட்சணத்தப் பாருங்க" என்றாள். கைகளை இறக்கவில்லை. எப்படி இறக்குவாள், நூல் இருக்கிறதே. நான் சிக்கலைப் பிரித்துக் கொடுத்தேன்.

நாத்தனார் மகள் அப்போது மாசமாக இருந்தாள். நான் யாரிடமும் சொல்லாமல் வெள்ளை நூலில் ஒரு ஜோடி காலுறை தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் முதல் காலுறை என் கையால்தான். கேட்டு வாங்கிய உரிமை இல்லை, வந்த உரிமை. அந்த வாரம் எல்லோர் முன்னிலும் நாத்தனார் வானவில்லின் தோளில் கை வைத்துச் சொன்னாள்: "எம்பேத்தியோ பேரனோ, மொதக் காலுறை நீதான் போடணும். கலர் கலரா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நீங்க உள்பக்கம் மட்டும் பாத்துக் குடுத்துடுங்க."

மட்டும் என்றாள்.

பேத்தி பிறந்தாள். காலுறைகள் என் மேசைக்கு வந்தன. நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் வெள்ளை ஜோடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையது மருத்துவமனைப் பொருள் போல இருந்தது. அவளுடையதைத் திருப்பினேன். சுத்தம். இடது காலுறையில், விரல் பக்கம், ஒரு சிவப்பு வால் இருமுறை திரும்பிச் செருகப்பட்டிருந்தது. மொட்டை ஊசியால் அதைக் கண்ணி கண்ணியாக வெளியே எடுத்தேன். எதையும் வெட்டவில்லை. புதிதாக எதையும் வைக்கவில்லை. அவள் போட்ட நூல்தான், அவள் விட்ட நீளம்தான். சிறு வளையமாக உள்ளே படுக்க வைத்து, காலுறையைச் சரியாகத் திருப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னிலும் கொடுத்தேன். "உள்பக்கம் சுத்தம்" என்றேன். வானவில் கன்னம் சிவந்து, "நீங்க சொன்னாதான்கா எனக்கு நம்பிக்கை" என்றாள்.

இதுவரை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அடுத்ததை டிரைவர் உங்களிடம் சொல்லியிருக்க முடியாது, அவருக்குத் தெரியாது. எனக்கும் நாத்தனார் மகளுக்கும்தான் தெரியும், அவள் மறந்திருப்பாள்.

குழந்தை விடாமல் அழுகிறது என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். போனேன். முகம் கன்றிப்போய், முழங்காலை மடக்கி மடக்கி உதைத்துக்கொண்டிருந்தது. காலில் அந்தக் காலுறைகள். மடியில் வாங்கிக்கொண்டேன். வயிற்றைத் தடவி, வாயுவாக இருக்கும் என்றேன். நாத்தனார் மகள், "உடுப்பெல்லாம் கழட்டிப் பாத்துடட்டுமா அத்தை, ஏதாவது குத்துதோ" என்று காலுறையில் கை வைத்தாள். "கால் சில்லுன்னு ஆயிடும்மா, அது இருக்கட்டும்" என்றேன். சட்டையை மட்டும் கழற்றிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அழுது அழுது என் தோளிலேயே தூங்கிப்போனது. என்னிடம் வந்ததும் அடங்கிவிட்டது என்று நாத்தனார் சொன்னாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை அது.

மறுநாள் டாக்டர் கழற்றியபோது இடது சுண்டுவிரல் கறுத்திருந்தது. எடுக்க வேண்டியதாயிற்று.

நாத்தனார் காலுறைகளை எடுத்துவந்து அந்த அறையில், வானவில்லின் முன்னால் தரையில் போட்டாள். கத்தவில்லை. "யார் கண்ணு பட்டுச்சோன்னு இருந்தேன். ஒங்கையிதான் பட்டிருக்கு" என்றாள். வானவில் என்னைத்தான் பார்த்தாள். "கோத்துதான் குடுத்தேன். அக்கா, நீங்க பாத்தீங்கள்ல?" நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பார்த்தேன், கண்ணுக்கும் வயதாகிவிட்டதோ என்னவோ என்றேன். எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, உங்களைச் சொல்லி என்ன, அவள் ஒழுங்காக முடித்திருக்க வேண்டும் என்றார்கள். வானவில் குனிந்து இரண்டு காலுறைகளையும் பொறுக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நாற்காலிகள் பழைய இடத்துக்கு வந்தன. அடுத்த வாரம் நாத்தனார் தானாகவே கைகளை நீட்டினாள்.

தவறு எங்கே நடந்தது என்று இப்போது புரிகிறது. கண்ணிக்குள் செருகிக் கிடந்த நூலுக்கு அந்த வளைவு உடம்பில் தங்கிவிடும். பிரித்தெடுத்தாலும் நெளிநெளியாகத்தான் நிற்கும். கோக்காமலே விட்ட வால் நேராக இருக்கும். நீராவியில் ஒரு நிமிடம் காட்டியிருந்தால் நெளிவு போயிருக்கும். வாராவாரம் நீராவிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எனக்கு அது தோன்றவில்லை. டிரைவர் மட்டும் அந்தப் பெண்ணை அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் காலுறையை எடுத்துக் காட்டியிருக்கிறாள். பிரித்த நூல் எப்படி இருக்கும் என்று அந்தத் தொப்பிக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்துத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

ஆம், நான்தான் செய்தேன். அந்தச் சிவப்பு நூலை எடுத்துவிட்டதும் நான். தெரிந்தே காலுறையைக் கழற்ற விடாததும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கும். திறமைசாலி.

கிளம்புமுன் ஒரு சின்ன உதவி. குழந்தை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறது. புதுக் காலுறை வேண்டும் என்று நாத்தனார் என்னைத்தான் கேட்டாள், இந்தமுறை என்னை. இதோ, வெள்ளை. வலது முடிந்தது, இடதில் கடைசி இரண்டு வரிசை பாக்கி. முடித்துத் தருகிறேன், நீங்களே அவளிடம் சேர்த்துவிடுங்கள். விரல் பக்கம் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் இருந்த இடத்தில் நான்கு கண்ணி குறைத்திருக்கிறேன், தொளதொளவென்று இருக்காது. வேறு யாராக இருந்தாலும் இரண்டையும் ஒரே அளவில்தான் போட்டிருப்பார்கள். அந்தக் குழந்தையின் காலை என்னைப்போல் கவனிக்க யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.