மேல்கையில் நான்கு தடங்கள்

அச்சடிக்க நனைத்த தாள் யாருக்காகவும் காத்திருக்காது, ஐயா. அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். உங்களுக்குப் போன் செய்யத் தாமதமானது அதனால்தான்.

ஓவியர் மனித உடம்பை மட்டுமே வரைபவர். கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவார். அதைத் தகட்டில் ஏற்றி அச்செடுப்பது என் வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு. முதல் தாளை ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மீதியை அடிக்கலாம்.

இந்த முறை அவருக்கு மாடல் கிடைக்கவில்லை. என் மனைவியை நான்தான் அனுப்பினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் போதும், முகம் தெரியாது என்றார்.

ஓவியம் பட்டறைக்கு வந்தபோது பார்த்தேன். இடது மேல்கையின் பின்புறம் நான்கு நீலத் தடங்கள். நீலத் தகட்டில் அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுத்தேன். படத்துக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஓவியர் முதல் தாளைக் கையில் எடுத்தார்.

"என் படத்துல இருந்தது உங்க தகட்டுல குணமாயிடுச்சே, அண்ணே. நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்."

"அழுக்கு மாதிரி இருந்துச்சு."

"அழுக்கு இல்ல. நான் பார்த்தது. திரும்பப் போடுங்க."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். போட்டேன். நான்கையும், அகலம் மாறாமல். தொழிலில் நான் சண்டைக்குப் போகிறவன் இல்லை.

மொத்தம் முப்பது தாள். பத்தொன்பது முடிந்திருந்தபோது அவள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். காய்வதற்கு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். தன் கையின் பின்புறத்தை அதற்குமுன் அவள் பார்த்ததில்லை போல.

"இவ்வளவு தெரியுதா வெளியில?" என்றாள். பிறகு, "ஒண்ணு எடுத்துக்கறேன். அக்காவுக்கு."

"உங்க அக்கா வீட்டுச் சுவத்துல இதை எங்க மாட்டறது? ஆணி அடிக்கவே இடமில்ல."

"மாட்டறதுக்கு இல்ல. எத்தனை தடவை சொல்லியும் அவ நம்பல. உன் புருஷன் தங்கம்டீங்கறா. இதைப் பார்க்கட்டும்."

தாள்களுக்கு எண் உண்டு, கொடுக்க முடியாது என்றேன். அவள் சுருட்டினாள். ஈரத்தாளைச் சுருட்டக் கூடாது, மை கலைந்துவிடும் என்றேன். இரண்டு முறை சொன்னேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். படத்தில் இருப்பதுபோலவே முதுகு தெரிந்தது. அச்சு இயந்திரத்தை இறுக்கும் இரும்புச் சாவி என் கையில் இருந்தது. ஒரே முறைதான்.

அவளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு மீதி பதினொன்றையும், அவள் கசக்கியதற்குப் பதிலாக இன்னொன்றையும் அடித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். கொன்றேன் என்பது சரி. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனைவியை அடித்துவந்தேன் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மேசைமேல் படம் இருக்கிறதே, நன்றாகப் பாருங்கள். நான்கு விரலும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. அடித்தால் அப்படி வராது, ஐயா. அது பிடித்த தடம். ஓவியர் சரியாகத்தான் வரைந்திருக்கிறார். அவள்மேல் நான் ஒருநாளும் கை ஓங்கியதில்லை.